எல்லைக் கோட்டைத் தாண்டி உள்ளே வாருங்கள்
தங்கவயலின் பழைய ஆட்டக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம், கோரமண்டல், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்று கோலார் தங்கவயலின் ஏதோ ஒரு மைதானத்தில் ஒரு காலத்தில் ஓடி ஆடியவர்களே! சுரங்க அணிக்கு ஹாக்கி ஆடியவர்கள், பெமல் தொழிற்சாலைச் சீருடையில் கால்பந்து ஆடியவர்கள், பள்ளி அணியோடு நின்றுபோனவர்கள், தொழிலாளர் குடியிருப்பு லைன்களுக்கு இடையே நடந்த கிரிக்கெட் பந்தயத்தில் பெயர் வாங்கியவர்கள், ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்கிவிட்டுக் கல்யாணத்தோடு காலணியைக் கழற்றி வைத்த அக்காமார்கள் என எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

உங்கள்மீது ஒரு மனக்குறை உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சாயங்காலம் நீங்கள் மைதானத்துக்கு வருகிறீர்கள். எல்லைக் கோட்டுக்கு வெளியே நிற்கிறீர்கள். உள்ளே ஆடும் பிள்ளைகளைப் பார்த்து, ‘எங்க காலத்துல இப்படியா?’ என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறீர்கள். பந்தை நிறுத்தத் தெரியவில்லை, மூச்சு வாங்குகிறது, ஒழுங்கு இல்லை என்கிறீர்கள். நீங்கள் சொல்வதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்டதில்லை. போட்டி நடத்துகிறோம் என்று யாராவது வந்தால் பணம் தருகிறீர்கள். பனியனில் உங்கள் அப்பா பெயரைப் போடச் சொல்கிறீர்கள். பரிசளிப்பு மேடையில் கோப்பையைக் கையில் எடுத்துக்கொடுக்கிறீர்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்த மைதானத்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரியவர் ஒருவர்கூட இல்லை.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதும் இந்த ஊர் எதையெல்லாம் இழந்தது என்று பேசும்போது சம்பளத்தையும் குடியிருப்பையும் மருத்துவமனையையும் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். அவற்றோடு போன இன்னொன்றும் இருக்கிறது. ஷிப்டு முடிந்து மேலே வந்த மனிதன் குளித்துவிட்டு மைதானத்துக்கு வருவான். பகல் ஷிப்டுக்காரனுக்கு மாலை ஓய்வு, இரவு ஷிப்டுக்காரனுக்குப் பகல் ஓய்வு. எந்த நேரத்திலும் ஊரில் யாராவது ஒரு பெரியவர் ஓய்வாக இருந்தார். பையன்கள் அவர்களைப் பார்த்துப் பார்த்தே ஆடக் கற்றார்கள். சுரங்கச் சங்கு நின்ற பிறகு அந்த ஏற்பாடும் நின்றது.

இன்று விடியும் முன்னரே மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயில் புறப்படுகிறது. சாம்பியன், உரிகம், கோரமண்டல், பெமல் நகர் என்று ஒவ்வொரு நிலையத்திலும் அப்பாக்களும் அம்மாக்களும் அண்ணன்களும் ஏறிக்கொள்கிறார்கள். நூறு கிலோமீட்டர் போய் வேலை பார்த்துவிட்டு இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். பள்ளி நடக்கும் மாதங்களில் பிள்ளைகளின் பகலை ஆசிரியர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். ஏப்ரலிலும் மே மாதத்திலும் யார் பார்த்துக்கொள்வது? பாட்டி வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள். பையன் கைபேசியோடு உள்ளே இருப்பான், இல்லாவிட்டால் எங்கே போனான் என்றே தெரியாது. பெண்பிள்ளை வீட்டு வேலையில் இருப்பாள். இந்த ஊரில் கோடை விடுமுறை என்பது பெரியவர்கள் இல்லாத பகல்களின் வரிசை. அதனால்தான் உங்களிடம் இந்த மடல் வருகிறது.

கோடையில் ஓர் அணி வேண்டும் என்று இந்த மடல் கேட்கிறது. ஓர் அணிகூட அல்ல, பகுதிக்கு ஒன்றாக ஆறு அணிகள். ஆட்டம் பேஸ்பாலாக இருக்கட்டும் என்றும் கேட்கிறது. முகம் சுளிக்காதீர்கள், காரணம் வருகிறது. அதற்கு முன், கோடை அணியின் பயிற்சியாளர் என்பவர் காலையிலிருந்து இரவுவரை என்ன செய்கிறார் என்று பாருங்கள். உங்களிடம் கேட்கப்படுவது அந்த வேலையைத்தான்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கடலுக்குள் கொக்கிபோல் வளைந்து நீளும் தீபகற்பம் கேப் காட். அங்கே பத்துச் சிற்றூர்களுக்குப் பத்து அணிகள். கல்லூரியில் படிக்கும் பையன்கள் ஜூன் நடுவில் வந்து ஆகஸ்டு வரை ஏறக்குறைய 40 ஆட்டங்கள் ஆடிவிட்டுப் போகிறார்கள். 1923இல் முறைப்படி தொடங்கிய லீக் அது. ஆடுபவர்களுக்குச் சம்பளம் இல்லை. தங்குவது ஊர்க்காரர்களின் வீடுகளில்; அந்த வீட்டம்மா சமைத்ததைத்தான் சாப்பிடுகிறார்கள். ஆட்டம் பார்க்க டிக்கெட் கிடையாது. இடையில் தொப்பியைச் சுற்றுக்கு விடுகிறார்கள், முடிந்தவர் முடிந்ததைப் போடுகிறார். கோட்டூயிட் என்ற கிராமத்து மைதானத்தில் விளக்குகூட இல்லை. பொழுதோடு ஆட்டத்தைத் தொடங்கி வெளிச்சம் இருக்கும்போதே முடிக்கிறார்கள். இப்படி ஊர்க்காரர்களின் கையால் நடக்கும் லீக்கிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அமெரிக்காவின் மேஜர் லீக்குக்குப் போயிருக்கிறார்கள். நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஆரன் ஜட்ஜ் 2012ஆம் ஆண்டுக் கோடையில் ப்ரூஸ்டர் என்ற சிற்றூருக்கு ஆடியவர்தான்.

அங்கே சாத்தம் அணிக்கு 1993 முதல் 2017 வரை பயிற்சியாளராக இருந்தவர் ஜான் ஷிஃப்னர். கனெக்டிகட் மாநிலத்தில் பள்ளி ஆசிரியர். வருடம் முழுக்கப் பாடம் நடத்திவிட்டு, மற்ற ஆசிரியர்கள் ஓய்வெடுக்கும் கோடையில் இவர் சாத்தத்துக்குப் போய்விடுவார். இருபத்தைந்து கோடைகள் இப்படிப் போயின. 1996லும் 1998லும் கோப்பையை வென்றார். ஸ்காட் பிக்லர் 1998இல் அதே லீக்கின் யார்மவுத்-டென்னிஸ் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். கலிபோர்னியாவில் ஓர் இருவருடக் கல்லூரியின் பயிற்சியாளராக இருந்தவர் அவர். மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு ஒரு நாட்டையே கடந்துபோய்க் கோடைக்குக் கோடை இந்த வேலையைச் செய்தார். உங்களில் பலர் வீட்டிலிருந்து மைதானத்துக்கு நடந்தே வந்துவிடலாம்.

அப்படிப்பட்ட பயிற்சியாளரின் நாளில் ஆட்டம் நடக்கும் மூன்று மணி நேரம்தான் வெளியே தெரிவது. காலையில் ஊர்ச் சிறுவர்களுக்குப் பயிற்சி முகாம் நடக்கும். அணியின் பையன்களே சொல்லிக்கொடுப்பார்கள். ஆட்டத்துக்கு முன் மண்ணை வாரி இழுத்துச் சமன் செய்து, தண்ணீர் தெளித்து, கோடு போட வேண்டும். யார் நேற்று எத்தனை பந்து வீசினான், யாருக்குத் தோள் வலிக்கிறது, யாருடைய கல்லூரிப் பயிற்சியாளர் இத்தனைக்குமேல் வீச விடாதே என்று சொல்லியிருக்கிறார் என்ற கணக்கு ஒருபக்கம். வந்த இரண்டு வாரத்தில் கிளம்பிவிடும் பையனுக்குப் பதில் ஆள் தேடுவது இன்னொரு பக்கம். தன் கல்லூரியில் நட்சத்திரமாக இருந்தவன் இங்கே வந்து தொடர்ந்து அவுட் ஆகும்போது அவனோடு தனியாக உட்கார்ந்து பேசுவதும் அவர் வேலை. பேஸ்பாலில் பத்துமுறை மட்டை பிடித்து மூன்றுமுறை சரியாக அடித்தால் அவன் பெரிய ஆட்டக்காரன். மீதி ஏழு தோல்வியைத் தாங்கக் கற்றுக்கொடுப்பதே பயிற்சியாளரின் பெரும்பகுதி உழைப்பு.

இதே வேலை தங்கவயலில் எப்படி இருக்கும்?

ஏப்ரல் மாதம், காலை ஐந்தரை மணி. பயிற்சியாளர் ஒரு சாக்கோடு மைதானத்தைச் சுற்றி வருவார். முந்தைய இரவின் பாட்டில் துண்டு, முள், கூர்க்கல் எல்லாம் சாக்கில் விழும். பிறகு கயிறு பிடித்து அளப்பார். பெரியவர்களின் பேஸ்பாலில், அடித்தவன் ஓடித் தொட வேண்டிய ஒரு பேஸிலிருந்து அடுத்ததற்கு 90 அடி. பன்னிரண்டு வயது வரையுள்ளவர்களுக்கு 60 அடி போதும். வீசுபவன் நிற்கும் இடம் பெரியவர்களுக்கு 60 அடி 6 அங்குலம். சிறுவர்களுக்கு 46 அடி. வெள்ளைச் சுண்ணாம்பும் பேஸ்களாக வைக்க மணல் நிரப்பித் தைத்த நான்கு சாக்குப் பைகளும் இருந்தால் ஆடுகளம் தயார். ஆறரைக்குப் பிள்ளைகள் வருவார்கள். வந்ததும் அவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, என்ன சாப்பிட்டீர்கள் என்பது. வெறும் வயிற்றோடு வந்திருப்பவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். மற்றவர்களுக்குத் தெரியாமல் ஒரு வாழைப்பழத்தை அவன் கையில் கொடுக்க வேண்டும்.

அடுத்து, கிரிக்கெட் பழக்கங்களோடு மல்லுக்கட்டுவது. நம் பிள்ளைகள் அடித்ததும் மட்டையோடு ஓடுவார்கள். இங்கே மட்டையைக் கீழே போட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். அதையும் வீசி எறியக்கூடாது, பின்னால் நிற்பவன் தலையில் படும். நம் பிள்ளைகள் பந்தை இரண்டு வெறுங்கைகளால் பிடித்துப் பழகியவர்கள். இடக்கையில் தோல் கிளவுஸ் மாட்டிவிட்டால் அதை நம்பமாட்டார்கள், வலக்கையை நீட்டி விரலை நசுக்கிக்கொள்வார்கள். உயரப் போன பந்தைத் துரத்தி இரண்டு பேர் முட்டிக்கொள்வார்கள். தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் கலந்த அணியில், பிடிக்கப்போகிறவன் கத்த வேண்டிய சொல் எது என்று முதல் நாளே முடிவாகிவிட வேண்டும். சின்ன விஷயம் போலத் தெரியும். பல் உடைவது இதில்தான்.

ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு பயிற்சியாளருக்கு வேறு வேலைகள். தையல் பிரிந்த பந்துகளுக்கு ஊசி நூல் எடுக்க வேண்டும். ஒரு பந்தில் 108 இரட்டைத் தையல்கள். பள்ளித் தலைமை ஆசிரியரிடம் மைதானச் சாவிக்கு நிற்க வேண்டும். மைதானத்தில் யாருக்காவது கல்யாணப் பந்தலோ கட்சிக் கூட்டமோ வருகிறதா என்று விசாரிக்க வேண்டும். நான்கரைக்கு இரண்டாம் பயிற்சி. இருட்டும் முன் பெண்பிள்ளைகளை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட வேண்டும். பெற்றோரைப் பார்த்துப் பேச வேண்டுமானால் பகலில் யாரும் இருக்கமாட்டார்கள். ரயில் வரும் நேரத்துக்கு ஸ்டேஷனுக்குப் போய், களைத்து இறங்குபவர்களை நடைமேடையில் பிடித்து, ‘உங்க பொண்ணை ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு அனுப்புங்க’ என்று கேட்க வேண்டும்.

ஒரு மனிதனால் இதையெல்லாம் தனியாகச் செய்ய முடியாது. செய்ய முயன்றவர்கள் இரண்டாவது கோடையில் ஓய்ந்துபோகிறார்கள். அது அவர்களுடைய குறை அல்ல.

நோட்டுப்புத்தகம் எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து, ஒரு பையன் எத்தனை பந்து வீசினான் என்று எண்ணுவதற்கு மட்டும் ஒருவர் வேண்டும். சாதாரண வேலை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் லிட்டில் லீக் விதிப்படி 9, 10 வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு 75 பந்துக்குமேல் வீசக்கூடாது. 11, 12 வயதுக்கு 85; 13 முதல் 16 வரை 95. பதினான்கு வயதுக்குட்பட்டவன் ஒரே நாளில் 66 பந்தோ அதற்கு மேலோ வீசிவிட்டால் நான்கு நாள் ஓய்வு கட்டாயம். வளரும் எலும்பின் முனைகளும் முழங்கையின் தசைநாரும் அதற்குமேல் தாங்காது என்பதால் வந்த விதி. நம் ஊர் டென்னிஸ் பந்துப் போட்டிகளில் வேகமாக வீசுகிறான் என்பதற்காகவே ஒரு பையனைக் காலையிலிருந்து மாலைவரை எல்லா ஆட்டத்திலும் வீசவைக்கிறார்கள். பதினெட்டு வயதில் அவன் தோள் தூக்கமாட்டாமல் நிற்கும்போது அவனை வீசச் சொன்ன யாரும் பக்கத்தில் இருப்பதில்லை. உங்களில் சிலருக்கே அந்தத் தோள் இருக்கிறது. எண்ணுவதற்கு ஒரு பெரியவர் இருந்திருந்தால் நீங்கள் இன்னும் ஐந்து வருடம் ஆடியிருப்பீர்கள் அல்லவா?

ஏன் பேஸ்பால் என்று கேட்பீர்கள். இந்தியாவில் இது நேற்று வந்த ஆட்டம் அல்ல. தேசியக் கூட்டமைப்பு 1983இல் உருவானது, முதல் தேசியப் போட்டி 1985இல் டெல்லியில் நடந்தது. பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டிகளில் பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் இருக்கின்றன. மத்திய அரசு 2020இல் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கான பட்டியலை 43இலிருந்து 63 விளையாட்டுகளாக விரித்தபோது பேஸ்பாலும் அதில் சேர்ந்தது. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டோடு பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் திரும்ப வருகின்றன. இதையெல்லாம் காட்டிப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும், பதக்கம் கிடைக்கும் என்று ஆசை காட்டச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லி ஏமாற்றியவர்கள் போதும்.

உண்மையான காரணம் வேறு. இந்த ஊரில் பேஸ்பாலில் யாருக்கும் பழைய பெருமை கிடையாது. கிரிக்கெட் என்றால் பேட் வாங்க வசதியுள்ள வீட்டுப் பையன் முன்னால் நிற்பான். ஹாக்கி, கால்பந்து என்றால் பெரியப்பாவோடும் மாமாவோடும் ஒப்பிட்டே பிள்ளையைச் சலிக்க வைப்பீர்கள். பேஸ்பாலில் எல்லோரும் ஒரே நாளில் தொடங்குகிறார்கள், பெண்பிள்ளைகளும் அதே நாளில் தொடங்குகிறார்கள். அதோடு, உங்கள் கையில் இருக்கும் வித்தைகள் எல்லாம் இதில் ஏதோ ஓரிடத்தில் பயன்படும். ஹாக்கியில் தாழ வரும் பந்துக்கு உடம்பை மடக்கத் தெரிந்தவருக்குத் தரையில் உருண்டு வரும் பந்தை எடுக்கச் சொல்லிக்கொடுப்பது சுலபம். கிரிக்கெட்டில் எல்லையிலிருந்து எறிந்தவருக்குத் தோளின் கணக்கு தெரியும். ஓட்டக்காரருக்கு, 90 அடியை எப்படிக் கடப்பது என்று தெரியும்.

ஆட்டம் தெரியாமல் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்ற தயக்கத்துக்குப் பதில், நடந்த ஒரு கதையில் இருக்கிறது. ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் உத்தரப்பிரதேசத்துக் கிராமங்களில் பிறந்தவர்கள். லக்னோ விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தார்கள். 2008இல் வேகமாகப் பந்தெறிபவர்களைத் தேடி நடந்த ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் ரிங்கு முதலில் வந்தார். அதுவரை இருவரும் பேஸ்பால் கிளவுஸ் மாட்டியதே இல்லை. கலிபோர்னியாவில் டாம் ஹவுஸ் என்ற பயிற்சியாளர் அவர்களைச் சில மாதங்கள் தினமும் வைத்துத் தயார் செய்தார். ஈட்டி எறிந்து பழகிய கைகளை, அந்தப் பழக்கத்திலிருந்தே தொடங்கிப் பந்து வீசுபவர்களின் கைகளாக்கினார். அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் நிறுவனம் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. 2009 ஜூலையில் ஃப்ளோரிடாவில் நடக்கும் கோடை லீக் ஒன்றில் இருவரும் களமிறங்கினார்கள். தொழில்முறை பேஸ்பால் ஆட்டம் ஒன்றை வென்ற பந்துவீச்சாளர் என்ற பெயரை எடுத்த முதல் இந்தியர் ரிங்கு. இருவரும் மேஜர் லீக்கை எட்டவில்லை. தினேஷ் 2010இல் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பினார். அதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இம்பாலைப் பாருங்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க விமானப்படையினர் ஆடியதைப் பார்த்து மணிப்பூர்க்காரர்கள் கற்ற ஆட்டம் பேஸ்பால். ஊரடங்கும் துப்பாக்கியும் அன்றாடமாக இருந்த ஊரில், ஆண்களும் பெண்களும் கிடைத்த பந்து மட்டையோடு அதை விடாமல் ஆடிவந்தார்கள். 2006இல் ஜெஃப் ப்ரூகமன், டேவ் பலீஸ் என்ற இரண்டு பயிற்சியாளர்கள் மேஜர் லீக்கின் தூதர்களாக அங்கே போய் முகாம் நடத்தினார்கள். அவர்கள் முக்கியமாகச் செய்தது, உள்ளூர்ப் பயிற்சியாளர்களைத் தயார் செய்தது. மிரா பேங்க் இயக்கி 2013இல் வெளியான ஆவணப்படம் அதைப் பதிவு செய்திருக்கிறது. வெளியூர்க்காரர்கள் வந்தார்கள், போய்விட்டார்கள். ஆட்டத்தைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் ஊர்க்காரர்கள்.

இவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் உங்கள் ரயில் போய் நிற்கும் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. இந்திய ஹாக்கி அணியின் தலைவராக இருந்த ஜூட் ஃபெலிக்ஸ், 2009இல் பெங்களூர் குக் டவுனில் ஆதரவற்றோர் இல்லத்துப் பிள்ளைகளை வைத்து ஹாக்கிப் பயிற்சிக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். நாட்டுக்கு ஆடியவர், பெயர் பெற்றவர். சாயங்காலம் மேடைக்குப் போகாமல் மைதானத்துக்குப் போனார். 2020இல் அவருக்கு துரோணாச்சாரியார் விருது கிடைத்தது. விருது கிடைக்குமா என்று பார்த்து அவர் தொடங்கவில்லை.

கோலார் மண்ணுக்கு என்ன குறைச்சல்? கென்னத் பவல் இந்த மண்ணில் பிறந்தவர்தான். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார், 1965இல் அர்ஜுனா விருது பெற்றார், 1970 பேங்காக் ஆசிய விளையாட்டில் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றார். 2022 டிசம்பரில் இறந்தபோது உங்களில் பலர் அவர் படத்தைப் பகிர்ந்தீர்கள். நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறீர்கள்?

இனி, கேட்பது என்ன என்று தெளிவாக.

வருகிற கோடை விடுமுறையில், பள்ளி முடிந்த வாரத்திலிருந்து மே கடைசிவரை ஆறு வாரங்கள். ஆறு பகுதிகளுக்கு ஆறு அணிகள், ஒவ்வொன்றிலும் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும். வாரத்தில் ஐந்து நாள் காலைப் பயிற்சி, முடிந்த இடத்தில் மாலையிலும் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். பத்து நாள் முகாம் நடத்தி, சான்றிதழ் கொடுத்து, படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டுக் கலைந்துபோகும் வழக்கத்தை இந்தமுறை விட்டுவிடுவோம்.

ஓய்வுபெற்று ஊரோடு இருப்பவர்களே, உங்களிடம் கேட்பது காலை நேரம். ஒருவரே தினமும் வர வேண்டாம். ஓர் அணிக்கு ஐந்து பேர் சேர்ந்து ஆளுக்கொரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எடுத்துக்கொண்ட நாளில் தவறாமல் வாருங்கள். நீங்கள் வருவீர்கள் என்று நம்பி ஐந்தரைக்கு எழுந்து வந்த பிள்ளை, பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால் மறுபடி வராது.

பெங்களூருக்குப் போய்வருபவர்களே, உங்களுக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு ஞாயிறு. அதைக் கேட்பது எவ்வளவு பெரிய கேள்வி என்று தெரியும். ஆறு ஞாயிறுகளில் மூன்றையாவது கொடுங்கள். நடுவராக நில்லுங்கள், ஓட்டங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், வீசிய பந்துகளை எண்ணுங்கள். ஆடுகிற பிள்ளைகளில் ஒன்று உங்கள் பிள்ளையாக இருக்கக்கூடும். அது ஆடுவதை நீங்கள் இதுவரை பார்த்திருக்கவே மாட்டீர்கள்.

அக்காமார்களே, நீங்கள் வராவிட்டால் பெண்பிள்ளைகளை யாரும் அனுப்பமாட்டார்கள். அனுப்பவும் கூடாது. ஒவ்வொரு பயிற்சியிலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருந்தே தீர வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை ஆட்டத்தை விட்டு விலகும் காரணங்கள் உங்களுக்குத் தெரிந்த அளவு எந்த ஆண் பயிற்சியாளருக்கும் தெரியாது.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம்மவர்களே, பனியன் வேண்டாம், கோப்பை வேண்டாம். கிளவுஸ் அனுப்புங்கள்; இடக்கைக்காரப் பிள்ளைகளுக்கும் சேர்த்து அனுப்புங்கள். பந்து பிடிப்பவனுக்கு முகக்கவசமும் மார்புக் கவசமும், மட்டை பிடிப்பவனுக்குத் தலைக்கவசமும் இல்லாமல் ஒரு பந்துகூட வீசப்படக்கூடாது. பந்து 142 முதல் 149 கிராம்வரை எடையுள்ளது, கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. முகத்தில் பட்டால் விளையாட்டு அல்ல.

வருபவர்களுக்குச் சில நிபந்தனைகளும் உண்டு. குடித்துவிட்டு வரக்கூடாது, முந்தைய இரவின் வாடையோடும் வரக்கூடாது. பிள்ளைகளை அடிக்கக்கூடாது, அடி வாங்கித்தான் கற்றோம் என்று சொல்பவர்கள், அதே அடிக்குப் பயந்து ஆட்டத்தை விட்டவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். எந்த லைன், என்ன சாதி, கோயிலா சர்ச்சா மசூதியா என்று கேட்கக்கூடாது. சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டுக்குப் பக்கத்தில் உள்ள திடல்களை எடுக்கக்கூடாது. காற்றடித்தால் அந்தத் தூசு எங்கே போய் விழுகிறது என்பதை உங்கள் கண்ணும் நெஞ்சும் அறியும். ஓடிக் களைத்து வாயால் மூச்சு வாங்கும் பிள்ளைகளை அங்கே நிறுத்த முடியாது.

மைதானங்களைப் பற்றி இன்னும் ஒன்று. சுரங்க நிலமும் மண்மேடுகளும் என்ன ஆகும் என்று அரசுகள் பேசிக்கொண்டிருக்கின்றன. மேடுகளை ஏலம்விட்டு மிச்சத் தங்கத்தைப் பிரித்தெடுக்கும் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. நாளை எந்த நிலம் யாருக்கு என்று கோடு போடும்போது, பிள்ளைகள் தினமும் ஆடிக்கொண்டிருக்கும் திடலை எடுப்பது கடினம். வெறும் புல் முளைத்துக் கிடக்கும் திடலை எடுப்பது சுலபம். மைதானத்தைக் காப்பாற்ற மனு எழுதுங்கள், கையெழுத்து வாங்குங்கள். அதோடு அங்கே ஆறு அணிகள் ஆடிக்கொண்டும் இருக்கட்டும்.

பிள்ளைகளின் இறுதித் தேர்வு தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்கு, உங்கள் பகுதியில் நீங்கள் ஆடிய அதே மைதானத்துக்கு வாருங்கள். இரண்டு பேர் வந்தாலும் போதும், பேச்சைத் தொடங்கிவிடலாம். ஒரு தாளில் உங்கள் பெயரையும், எந்த ஆட்டம் ஆடினீர்கள் என்பதையும், வாரத்தில் எந்த நாள் உங்களால் வர முடியும் என்பதையும் எழுதிக் கொண்டுவாருங்கள். எந்த ஊரில் என்ன வேலையில் இருந்தீர்கள் என்பது வேண்டாம், எந்த நாள் என்பதை மட்டும் சரியாக எழுதுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ஒவ்வொரு நாளுக்கு எதிரிலும் இரண்டு பெயர்கள் நிரம்பிவிட்டால், அந்தப் பகுதியின் அணிக்குப் பிள்ளைகளின் பெயர்களை அன்றைக்கே எழுதத் தொடங்கலாம்.